உயிரோடு இருப்பவளுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு என் வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தால் ஒன்று வண்டி பஞ்சர், இல்லையென்றால் போலீஸ் மடக்கியிருக்க வேண்டும். அன்றைக்கு இரண்டும் இல்லை.

“இன்னாமே, உன் பிரெண்டு எப்போ செத்துச்சு?” என்றார்.

“எந்த பிரெண்டு?”

“அதான், உன் கம்பெனியில செக்கிங் டேபிள்ல கீதே, சிலோன்காரம்மா. வாட்டர் டேங்க் கிட்ட ஃப்ளெக்ஸ் கட்டிகீறாங்க. கண்ணீர் அஞ்சலின்னு போட்டுகீது. போட்டோ நல்லாத்தான் வந்துகீது.”

அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. திருப்பிப் போடக் கை வரவில்லை. என்ன நடந்திருக்கும் என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஃப்ளெக்ஸுக்கு ஆர்டர் கொடுத்தவளே நான்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். நாங்கள் தைத்து முடித்ததை எடுத்துப் பார்க்கிற மேஜையில் அவள். ஒரு பட்டன் அரை நூல் சாய்ந்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். முதல் ஆறு மாதம் அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. பிறகு ஒருநாள் அவள் திருப்பி அனுப்பிய சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.

எட்டு வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்தவள். அகதி முகாமில் வளர்ந்தாள், முகாமிலேயே கல்யாணம் செய்துகொண்டாள். புருஷனுக்குப் பெயிண்டர் வேலை. வேலை சென்னைப் பக்கம்தான் கிடைக்கிறது என்பதால், முறைப்படி போலீஸில் பதிந்துவிட்டு அயனம்பாக்கத்தில் வாடகைக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரே பெண். பன்னிரண்டாம் வகுப்பு. எந்நேரமும் கையில் புத்தகம்.

ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் வழக்கமான விசாரணைக்கு அவள் வீட்டுக்கு வந்தார். பத்து நிமிஷம் வாசலில் பைக் நின்றது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆனால் பைக் நின்றதைத் தெரு பார்த்துவிட்டது. அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டு ஓனரிடம் போய், “அகதி குடும்பம், போலீஸ் வந்து போகுது, தெருவுக்குப் பேர் கெட்டுப்போகுது” என்று ஓதியிருக்கிறார். ஓனர் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். அவர் வயலெல்லாம் இப்போது வீடுகளாக நிற்கின்றன, அதில் ஒன்று அவருடையது. நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது குரலை உயர்த்திப் பேசினால் உடனே சரி என்று சொல்லிவிடுகிற ஆள். இவளிடம் வந்து தரையைப் பார்த்தபடி, “மாசக் கடைசிக்குள்ள வேற ஊடு பாத்துக்கமா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெண்ணுக்குப் பரீட்சை மூன்று வாரத்தில். வேறு வீடு எங்கே கிடைக்கும்? ஆதார் கேட்பார்கள், இவள் அகதி அட்டையைக் காட்டுவாள், ‘அப்புறம் சொல்லி அனுப்புறேன்’ என்பார்கள். நான்கு தெருவில் அப்படித்தான் ஆயிற்று. கடைசியில் முகாமுக்கே திரும்பிப் போக வேண்டும். பஸ்ஸில் போனால் அரை நாள் பயணம். அந்தப் பெண் எங்கே உட்கார்ந்து பரீட்சை எழுதும்?

இதையெல்லாம் அவள் எலுமிச்சை சாதத்தில் கறிவேப்பிலையைப் பொறுக்கி ஓரம் வைத்துக்கொண்டே சொன்னாள். அழவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் வந்தால் கைகால் சும்மா இருக்காது, எதையாவது செய்தாக வேண்டும். சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றாள். சண்டை வந்தால் முதலில் அடிபடுகிறவர்கள் தாங்கள்தான் என்றாள். அதுவும் உண்மைதான்.

டிவியில் பார்த்திருக்கிறேன். கடற்கரையில் ஆட்கள் மெழுகுவத்தி ஏந்தி, ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். கத்தவும் இல்லை, கல்லெறியவும் இல்லை, ஆனால் மறுநாள் ஊரே அதைப் பற்றிப் பேசும். அதையே செய்தால் என்ன? ஏரிக்கரைத் திடலில், அவள் தெரு முனையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். அவளுக்காக, அவளைப் போல் கடல் தாண்டி வந்து இன்னும் வாடகை வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிற எல்லோருக்காகவும். ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டேன். “சும்மா நிக்கிறதுக்கா பர்மிஷன் கேக்குறீங்க?” என்றார் இன்ஸ்பெக்டர். ஆமாம் என்றேன். மைக் கூடாது, கோஷம் கூடாது, ரோட்டை மறிக்கக் கூடாது, ஆறிலிருந்து ஏழு என்று சொல்லி அனுப்பினார்.

வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். எல்லோரும் நல்ல மரியாதையாக, “பாக்கலாம்கா” என்றார்கள். ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நிச்சயமாக வருகிறேன் என்றது என் லைனில் இருக்கிற பதினொரு பெண்கள் மட்டும். அதனால்தான் ஃப்ளெக்ஸ் கட்டலாம் என்று முடிவு செய்தேன். கடைக்கு நேரில் போகாமல் போனிலேயே குரல் பதிவு அனுப்பியதுதான் நான் செய்த தப்பு. அவள் போட்டோவை அனுப்பி, “தம்பி, இத பெருசா போடு. ரெண்டு பக்கமும் மெழுகுவத்தி படம் போடு. ஞாயித்துக்கிழமை ஆறு மணி, ஏரிக்கரைத் திடல். அமைதியா வந்து நிக்கணும்னு எழுது. மூணு பிரிண்ட் போட்டு நீயே கட்டிடு” என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். எதற்காக என்று சொல்ல மறந்துவிட்டேன்.

தண்ணீர்த் தொட்டியடிக்கு ஓடினேன். எனக்கு முன்பே அவள் அங்கே நின்றிருந்தாள். காய் வாங்க வந்தவள், கையில் பையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே அவள் முகம், ஒரு ஆள் உயரத்துக்கு. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு அளவுக்கு மெழுகுவத்தி, மூலையில் பறக்கிற வெள்ளைப் புறா, கண்ணீர்த்துளி சொட்டுகிற எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘இவரது பிரிவால் வாடும்’ என்று போட்டு என் பெயர், அதற்குக் கீழே இடமும் நேரமும்.

அவள்தான் முதலில் பேசினாள். “அக்கா, என்ர மூக்கு உண்மையாவே இவ்வளவு பெரிசா?”

கம்பெனியில் எங்களைவிட நன்றாக மெட்ராஸ் பாஷை பேசுகிறவள், ரொம்பக் கலங்கிப்போனால் மட்டும் மன்னார்ப் பேச்சுக்குப் போய்விடுவாள். சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரிக்கப் போனேன். அவள் கண் மேலேயே இருந்தது. “மன்னாரில அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். உடம்பும் கிடைக்கேல்ல, ஒரு படமும் இல்லை. அவருக்கு இப்பிடி ஒண்டு ஒருத்தரும் கட்டேல்ல அக்கா” என்றாள். நான் நடுரோட்டில் நின்று அழுதேன். காய் வாங்க வந்தவர்கள் அதையும் பார்த்து, செய்தி உறுதிதான் என்று முடிவு செய்துகொண்டு போனார்கள்.

என் வீட்டுக்காரர் ஆட்டோவின் கூரைமேல் ஏறி மூன்று ஃப்ளெக்ஸையும் அறுத்து இறக்கினார். நான் கடைக்காரனைப் போனில் பிடித்து வறுத்தெடுத்தேன். அவன் பதறவே இல்லை.

“அக்கா, மெழுகுவத்தின்னீங்க. போட்டோ பெருசான்னீங்க. அமைதியா வந்து நிக்கணும்னீங்க. நான் இன்னான்னு நெனைப்பேன்? பொறந்த நாளுன்னா நெனைப்பேன்?”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவருக்காக யார் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்?

பத்து மணிக்குள் ஃப்ளெக்ஸ் இறங்கிவிட்டது. செய்தி இறங்கவில்லை. போன் வந்தபடியே இருந்தது. “எப்படிக்கா?” “எப்போ எடுக்குறாங்க?” “நெஞ்சு வலியா?” நான் எல்லோரிடமும் சொன்னேன், சாகவில்லை, தப்பாக அடித்துவிட்டான் என்று. நான்கு பேர் நம்பினார்கள். மிச்சப் பேர் நான் துக்கத்தில் புலம்புகிறேன் என்று நினைத்து, “மனச தேத்திக்கக்கா” என்று போனை வைத்துவிட்டார்கள். இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அவளிடம் சொன்னேன். “அடுத்த கிழமை வீடு இருக்காதே அக்கா. வாறவை வரட்டும்” என்றாள்.

ஆறு மணிக்குத் திடலுக்குப் போனபோது என் லைன் பெண்கள் பதினொரு பேரும் நின்றிருந்தார்கள். நான்கு பாக்கெட் மெழுகுவத்தி வாங்கி வைத்திருந்தேன். ஏரியிலிருந்து வீசிய காற்றில் ஒன்றும் நிற்கவில்லை, பொருத்தப் பொருத்த அணைந்தது. டீக்கடைக்காரர் ஒரு கட்டுப் பேப்பர் கப்போடு வந்தார். அடியில் ஓட்டை போட்டு மெழுகுவத்தியைச் செருகினால் அணையாது என்று காட்டிக் கொடுத்துவிட்டு, “பாடிய எங்க வச்சுகீறீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். நான் கையைக் காட்டினேன். தன் மகளுக்குப் பக்கத்தில் அவள் தானே ஒரு கப்பில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். டீக்கடைக்காரர் இரண்டடி பின்னால் போனார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

அப்புறம் வந்தார்கள். ஐயோ, எப்படி வந்தார்கள்! ‘பாக்கலாம்’ என்று கதவைச் சாத்தினவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஊர்த் தெருவிலிருந்து ஆண்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கீரை விற்கிற அம்மா, தண்ணீர் கேன் போடுகிறவர், பெண்ணின் பள்ளிக்கூடத் தோழிகள், எங்கள் கம்பெனி மேனேஜர்கூட. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் யோசிப்பார்கள், கூட்டத்துக்குக் கூப்பிட்டால் ஒளிந்துகொள்வார்கள், சாவு என்று கேள்விப்பட்டால் மட்டும் எங்கள் பக்கத்து ஜனங்கள் வராமல் இருக்கவே மாட்டார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து மேளம் அடிக்கிற இரண்டு பேர் தோளில் மேளத்தோடு வந்து ஓரமாக நின்றார்கள்.

வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அவளைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார்கள். கீரைக்கார அம்மா மட்டும் நேராகப் போய் அவள் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “சேதி பொய்யாப் போச்சுன்னா ஆயுசு கெட்டிடீ உனக்கு! நூறு வயசு!” என்று திருஷ்டி கழித்தார். கூட்டம் சிரித்தது. கோபித்துக்கொண்டு யாரும் திரும்பிப் போகவில்லை. வந்ததற்கு ஒரு மெழுகுவத்தி பிடித்துவிட்டுப் போவோம் என்று கையை நீட்டினார்கள். நான்கு பாக்கெட்டும் தீர்ந்து, மேனேஜர் ஓடிப்போய் வாங்கி வந்தார்.

அந்த நேரத்தில்தான் சங்கச் செயலாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பெரிய ரோஜா மாலை. சாவுக்கு வராமல் இருந்தால் சங்கத்துக்கு மரியாதை இல்லையே. கூட்டம் தானாக வழிவிட்டது. வழியின் அந்த முனையில் அவள் நின்றிருந்தாள், உயிரோடு, மெழுகுவத்தியோடு. அவர் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார், மறையவில்லை. திரும்பிப் போகப் பார்த்தார். டீக்கடைக்காரர் ரொம்பப் பணிவாக, “சார், சாவுக்கு வாங்குன மாலைய ஊட்டுக்கு எடுத்துகினு போவக் கூடாது சார்” என்றார். உயிரோடு இருக்கிறவளுக்குப் போடவும் கூடாது, கீழே எறியவும் மனசு வராது. பாவம், அசையாமல் நின்றார். அவளுடைய பெண் போய், “அங்கிள்” என்று ஒரு மெழுகுவத்தியை அவரது இன்னொரு கையில் கொடுத்தாள். மாலையும் மெழுகுவத்தியுமாக ஏழு மணி வரைக்கும் எங்களோடு நின்றார். யாரோ எடுத்த போட்டோ அரை மணி நேரத்தில் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. யார் எடுத்தது என்று சொல்ல மாட்டேன்.

கூட்டத்தில் யாரோ, “அப்போ எதுக்குத்தாம்மா நிக்கிறோம்?” என்று கேட்டார்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். மைக் இல்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“நான் சாகேல்ல. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போட்டினம். நாங்கள் அகதி எண்டு. என்ர பிள்ளைக்கு மூண்டு கிழமையில சோதனை. சோதனை முடியிற வரைக்குமாவது எங்களை இருக்க விடுங்கோ. அதுக்குத்தான் நிக்கிறம்.”

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. நூறு பேருக்கு மேல் இருக்கும், அத்தனை பேரும் பேப்பர் கப்புக்குள் எரியும் நெருப்பைப் பார்த்தபடி நின்றோம். நான் அவளுடைய அப்பாவை நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர், வாழ்நாளில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் சும்மா இருந்தறியாதவர், வாயை மூடிக்கொண்டு நின்றார்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தெருவிலிருந்து ஒரு பெரிய அழுகை கேட்டது. வீட்டு ஓனரும் அவர் மனைவியும். எங்கோ திருமழிசைப் பக்கம் உறவுக்காரர் விசேஷத்துக்குப் போயிருந்த இடத்தில் செய்தி போய்ச் சேர்ந்து, பஸ் பிடித்து அலறியடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த அம்மா மாரில் அடித்துக்கொண்டு வந்தார். ஓனர் பின்னாலேயே வந்தார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவர், அவளைப் பார்த்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“நீ சாவலியா? ஏம்மா, நீ சாவலியா?”

“இல்லீங்க ஐயா.”

அவர் சின்னக் குழந்தை மாதிரி அழுதார். “நான் காலி பண்ணச் சொன்னதுக்குத்தான் நீ ஏதோ பண்ணிக்கினேன்னு… வழியெல்லாம் அதே நெனப்பும்மா. பஸ்சுல உக்காரவே முடில. அந்தப் பொண்ணு மூஞ்சில எப்பிடி முழிப்பேன்னு…” துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருடைய மனைவி அவளைக் கட்டிப்பிடித்து, விடாமல் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தார்.

ஓனர் எழுந்தார். நேராகச் செயலாளரிடம் போனார். யாரிடமும் எதிர்த்துப் பேசி நான் பார்த்திராத மனுஷர். மாலையோடு நிற்கிறவரை மேலும் கீழும் பார்த்தார்.

“சார், அது என் ஊடு. என் நெலத்துல நான் கட்டுன ஊடு. அதுல யாரு இருக்கணும்னு இனிமே நான் சொல்றேன்.” திரும்பி அவளைப் பார்த்தார். “பரீச்ச முடியிற வரைக்கும் இன்னா கணக்கு? நீயா போறேன்னு சொல்ற வரைக்கும் இரு.”

ஜெயித்தோம். அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் லைன் பெண்கள் குதித்தார்கள், நானும் குதித்தேன், முட்டி வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேளக்காரர்களில் ஒருவர், காவலுக்கு வந்திருந்த கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் வாட்சைப் பார்த்தார். “மைக் கூடாதுன்னாரு, கோஷம் கூடாதுன்னாரு. மேளத்தப் பத்தி இன்ஸ்பெக்டர் ஒண்ணியும் சொல்லலியே” என்றார். அவ்வளவுதான், அடி விழுந்தது பாருங்கள்! என் வீட்டுக்காரர் ஆட்டோ சாவியை வாயில் கவ்விக்கொண்டு ஆடினார். அவளுடைய புருஷன், கை நகமெல்லாம் பெயிண்ட் ஒட்டிய அந்த அதிகம் பேசாத மனுஷன், நடுவில் போய் ஆடினான். செயலாளர் மட்டும் ஆடவில்லை. ஆனால் கால் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

ஏழு மணிக்குக் கலைந்தோம். துக்கத்துக்கு வந்தவர்கள் போகும்போது போய்வருகிறேன் என்று சொல்வது நம்மிடம் வழக்கமில்லை. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட வேண்டும். அன்றைக்கு எல்லோரும் அவள் வீட்டு கேட் வரைக்கும் வந்து, ஒருத்தர் பாக்கியில்லாமல், வேண்டுமென்றே உரக்கச் சொன்னார்கள். “போயிட்டு வரேம்மா.” “போயிட்டு வரேன் தாயி.” மேளக்காரர்கள் சொன்னார்கள், மேனேஜர் சொன்னார், கீரைக்கார அம்மா இரண்டு தரம் சொன்னார். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தலையாட்டி, “போயிட்டு வாங்கோ” என்றாள்.

கடைசியாக நான்தான் நின்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “மன்னாரில படகு ஏறேக்க ஒருத்தருக்கும் சொல்லிப்போட்டு வரேல்ல அக்கா. அதுக்குப் பிறகு எந்த இடத்திலயும் கிளம்பிப் போனது நாங்கள்தான். எங்களிட்டச் சொல்லிப்போட்டு ஆக்கள் போறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

“நான் போயிட்டு வரேன்டீ” என்றேன்.

“ஓம் அக்கா, போயிட்டு வாங்கோ. நாங்கள் இங்கதான் இருப்பம்” என்றாள்.